விரிகுடாவை அதன் வாயிலிருந்து படிக்க வேண்டும்

கேள்வி இது: "உலகின் மிகப் பெரிய விரிகுடா வங்காள விரிகுடா என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதைத் தாண்டி, உலகத்து விரிகுடாக்களைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தக்க சுவையான செய்திகள் என்னென்ன?"

பெரியது எது, ஆழமானது எது என்ற வினாடி வினாப் பட்டியல் எனக்கு என்றுமே நிறைவு தந்ததில்லை. எந்த விரிகுடாவின் பெயரைக் கேட்டாலும் நான் மூன்று விஷயங்களைத் தேடுவேன். அதன் வாய் எவ்வளவு அகலம், தரை எவ்வளவு ஆழம், எந்த ஆறு அதில் வந்து விழுகிறது. அங்கே எழும் அலை, தங்கும் உப்பு, வாழும் உயிர், நடந்த போர், நீதிமன்றத்துக்குப் போன வழக்கு எல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்தே பிறந்திருக்கும். அந்தக் கண்ணோட்டத்தில் எனக்குப் பிடித்த சில விரிகுடாக்களைச் சொல்கிறேன்.

அதற்கு முன் சட்டம் சொல்வதைப் பார்த்துவிடலாம். கரை கொஞ்சம் உள்வாங்கியிருந்தால் போதும், அதை விரிகுடா என்று சொல்லிவிடலாம் என நினைப்போம். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அதற்கு ஒரு வடிவியல் சோதனையே வைத்திருக்கிறது. வாயின் இரு முனைகளையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டையே விட்டமாகக் கொண்டு ஓர் அரைவட்டம் வரையுங்கள். உள்ளே இருக்கும் நீர்ப்பரப்பு அந்த அரைவட்டத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால்தான் சட்டப்படி அது விரிகுடா. கரை முழுவதும் ஒரே நாட்டுக்குச் சொந்தமாக இருந்து, வாயும் 24 கடல் மைலுக்கு மேற்படாமல் இருந்தால், உள்ளே உள்ள நீர் முழுவதும் அந்த நாட்டின் உள்நாட்டு நீர். நெடுங்காலமாக ஒரு நாடு உரிமையோடு ஆண்டுவரும் 'வரலாற்று விரிகுடா'க்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

1982க்கு முன்பே வழக்கில் இருந்த இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான் லிபியாவின் கடாபி 1973இல் சித்ரா வளைகுடா முழுவதும் தன் நாட்டுடையது என்று அறிவித்தார். அதன் வாயோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. 1981 ஆகஸ்ட் 19 அன்று அந்தக் கடலுக்கு மேலே இரண்டு லிபியப் போர் விமானங்கள் அமெரிக்க விமானங்களால் சுட்டு வீழ்த்தப்பட்டன. வரைபடத்தில் போட்ட ஒரு கோட்டுக்காக நடந்த சண்டை அது. பல நாடுகள் கரை பகிரும் நம் வங்காள விரிகுடாவோ இந்தச் சட்ட வரையறைக்குள் வரவே வராது.

வங்காள விரிகுடாவின் பரப்பு ஏறக்குறைய 21.7 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்திய நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு. சராசரி ஆழம் 2,600 மீட்டர். இதைவிட என்னை வியக்கவைப்பது அதன் அடியில் கிடக்கும் மண். கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலைக் கொண்டுவருகின்றன. இமயமலை எழத் தொடங்கிய காலத்திலிருந்து அரித்து வந்த மண் எல்லாம் கடலடியில் விசிறிபோல் பரவிக் கிடக்கிறது. இதை வங்காள வண்டல் விசிறி என்பார்கள். உலகிலேயே பெரியது இதுதான். நீளம் சுமார் 3,000 கிலோமீட்டர். இலங்கையைத் தாண்டி, நிலநடுக்கோட்டையும் கடந்து தெற்கே போகிறது. வடக்கு முனையில் அந்தப் படிவின் தடிமன் 16 கிலோமீட்டருக்கும் மேல். எவரெஸ்டின் உயரம் 8.85 கிலோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், கரைந்த மலை எவ்வளவு, நிற்கும் மலை எவ்வளவு என்பது புரியும்.

ஆறுகள் மண்ணோடு நன்னீரையும் கொட்டுகின்றன. நன்னீர் உப்புநீரைவிட லேசானது, மேலேயே மிதக்கும். வடக்குப் பகுதியில் இந்த மெல்லிய மேலடுக்கு வெயிலில் சூடேறிக்கொண்டே இருக்கும். கீழே உள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே வந்து கலப்பதில்லை. அரபிக்கடலில் பருவக்காற்று கீழ்நீரைக் கிளறி மேலே கொண்டுவருவதுபோல் இங்கே நடப்பது குறைவு. இதற்கு இரண்டு விளைவுகள். ஒன்று, மீனுக்கு உணவாகும் சத்து மேலே வருவது குறைகிறது. மற்றொன்று, புயலுக்குத் தேவையான வெப்பம் மேலடுக்கில் சேமிப்பாகவே இருக்கிறது.

அந்தப் புயல் வடக்கே போகும்போது விரிகுடாவின் வடிவமே எதிரியாகிறது. கரைகள் இரு பக்கமும் நெருங்குகின்றன. தரை ஆழம் குறைந்துகொண்டே வருகிறது. காற்று தள்ளிவரும் நீருக்குப் பக்கவாட்டிலும் போக இடமில்லை, கீழேயும் இறங்க வழியில்லை. மேலே எழுந்து நிலத்தில் ஏறுகிறது. 1970 நவம்பர் 12 இரவு, அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றியுள்ள கழிமுகத் தீவுகளையும் அப்படித்தான் கடல் மூடியது. இறந்தவர்கள் 3 லட்சம் முதல் 5 லட்சம் வரை என்று கணக்கிடுகிறார்கள். வரலாற்றில் பதிவான புயல்களில் இதைப்போல் உயிர் குடித்தது வேறில்லை. மேற்குப் பாகிஸ்தானில் இருந்த அரசு நிவாரணத்தில் காட்டிய மெத்தனத்தை மக்கள் மறக்கவில்லை. அடுத்த மாதமே நடந்த தேர்தலில் அவாமி லீக் கட்சி கிழக்கில் ஏறக்குறைய எல்லா இடங்களையும் வென்றது. அடுத்த ஆண்டு வங்கதேசம் பிறந்தது. ஒரு நாட்டின் பிறப்பில் ஒரு விரிகுடாவின் வடிவத்துக்கும் பங்கு உண்டு என்று சொன்னால் அது மிகையில்லை.

நமக்கு இதில் நேரடிப் பட்டறிவு உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வந்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. ஆனால் இந்தக் கதையில் மனத்துக்கு ஆறுதலான பகுதியும் இருக்கிறது, அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே கரையில் ஏறியபோது முன்கூட்டியே லட்சக்கணக்கானோரை வெளியேற்றியிருந்தார்கள். இறப்பு சில பத்துகளில் நின்றது. வங்கதேசத்திலும் புயல் காப்பகங்களும் எச்சரிக்கைத் தொண்டர்களும் வந்தபின் இதே மாற்றம். கடல் மாறவில்லை, வானிலை அறிவிப்பும் அதைக் கேட்டு நடக்கும் பழக்கமும் வளர்ந்தன.

இன்னொரு செய்தி. தமிழகக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆண்டுக்குள் திசை மாறுகிறது. மாசி, பங்குனி வாக்கில் வடக்கு நோக்கியும், ஐப்பசி, கார்த்திகையில் தெற்கு நோக்கியும் ஓடும். நம் மீனவர்கள் சோநீவாடு, வாநீவாடு என்று இவற்றைப் பிரித்தறிந்து வலை இறக்குகிறார்கள். காற்றும் நீரும் இப்படித் திசை மாறும் கடல் என்பதால்தான் பாய்மரக் கப்பல்கள் போகவும் வரவும் முடிந்தது. 1025ஐ ஒட்டி ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரம் வரை போனது இதே நீரின் மீதுதான்.

பரப்பில் வங்காள விரிகுடாவுக்கு அடுத்து நினைவுக்கு வருவது கனடாவின் ஹட்சன் விரிகுடா. 12.3 லட்சம் சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் 100 மீட்டர்தான். இங்கேதான் ஒரு அதிசயம். கடந்த பனியுகத்தில் இந்தப் பகுதியின் மேல் கிலோமீட்டர் கணக்கில் தடிமனான பனிப்பாளம் உட்கார்ந்திருந்தது. அதன் பாரத்தில் தரை அமுங்கியது. பனி உருகி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் நிலம் இன்னும் மேலே எழுந்துகொண்டே இருக்கிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம். பழைய கடற்கரைகள் இன்று நீரிலிருந்து வெகு தூரம் உள்ளே, படிப்படியாக மேடேறிக் கிடக்கின்றன. அந்த வட்டாரத்தில் புவியீர்ப்பும் சுற்றுப்புறத்தைவிடச் சிறிதளவு குறைவு. செயற்கைக்கோள் அளவீடுகளின்படி அதற்கு ஒரு காரணம் இந்த அமுங்கல், மற்றொன்று பூமியின் உட்பகுதியில் பாறைக்குழம்பு நகரும் விதம். ஈர்ப்புக் குறைவால் உலகக் கடல்மட்டத்தில் விழுந்திருக்கும் மிகப் பெரிய பள்ளம் இருப்பது நமக்குப் பக்கத்தில்தான். இலங்கைக்கும் குமரிக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில், கணக்கிட்ட மட்டத்தைவிட 106 மீட்டர் தாழ்ந்து கிடக்கிறது.

ஹட்சன் என்ற பெயருக்கு உரியவரின் முடிவு கொடுமையானது. ஆசியாவுக்கு வடமேற்கு வழி தேடி 1610இல் உள்ளே நுழைந்த ஹென்றி ஹட்சன், இந்தப் பரந்த நீரைப் பசிபிக் என்றே நம்பினார். குளிர்காலத்தில் கப்பல் பனியில் மாட்டியது. 1611 ஜூனில் பனி உடைந்ததும், மேலும் தேடலாம் என்றவரை மாலுமிகள் எதிர்த்து எழுந்தார்கள். அவரையும், பதின்வயது மகனையும், நோயாளிகள் உள்ளிட்ட ஏழு பேரையும் ஒரு சிறு படகில் இறக்கிவிட்டு ஊர் திரும்பினார்கள். அந்தப் படகை அதன்பின் யாரும் பார்க்கவில்லை. 1670இல் இதே விரிகுடாவில் விழும் ஆறுகளின் வடிநிலம் முழுவதையும் இங்கிலாந்து மன்னர் ஒரு வணிக நிறுவனத்துக்குப் பட்டயமாக எழுதிக் கொடுத்தார். அங்கே வாழ்ந்த கிரீ, இனுயிட் மக்களை யாரும் கேட்கவில்லை. சுமார் 39 லட்சம் சதுர கிலோமீட்டர், இன்றைய இந்தியாவைவிடப் பெரிய நிலம். ஹட்சன்ஸ் பே கம்பெனி என்ற அந்த நிறுவனம் 355 ஆண்டுகள் பெயரோடு இருந்து, 2025இல்தான் தன் கடைசிக் கடைகளை மூடியது. ஆண்டுதோறும் நவம்பரை ஒட்டி சர்ச்சில் என்ற சிற்றூரின் கரையில் பனிக்கரடிகள் வந்து காத்திருக்கின்றன. ஆழம் குறைந்த அந்த நீர் உறைந்தால்தான் அவை நடந்து போய் சீல் வேட்டையாட முடியும். உறைவது தள்ளிப்போகும் ஒவ்வொரு ஆண்டும் அவற்றுக்குப் பட்டினி நாட்கள் கூடுகின்றன.

அதே கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் ஃபண்டி விரிகுடாவுக்கு நான் தனி இடம் தருவேன். கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதே ஓதம். சென்னையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். ஃபண்டியின் தலைப்பகுதியான மினாஸ் என்ற உள்விரிகுடாவில் அது 16 மீட்டர் வரை போகும். ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரம். நிலா எல்லாக் கடலையும் ஒரே மாதிரிதான் இழுக்கிறது, இங்கே மட்டும் ஏன் இப்படி? பலரும் "வாய் அகன்று உள்ளே குறுகுவதால்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிதான். உண்மையான காரணம் நேரம். ஃபண்டியும் அதற்கு வெளியே உள்ள மெய்ன் வளைகுடாவும் சேர்ந்த நீர்த்தொகுதி ஒருமுறை தலைப்பக்கம் போய்த் திரும்பி ஆட எடுத்துக்கொள்ளும் இயல்பான நேரம் ஏறக்குறைய 13 மணி. அட்லாண்டிக்கின் ஓதம் வருவது 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. இரண்டும் அருகருகே இருக்கின்றன. ஊஞ்சல் திரும்பி வரும் சமயம் பார்த்து ஒவ்வொரு முறையும் தள்ளினால் அது மேலும் மேலும் உயரப் போவதுபோல், ஒவ்வொரு ஓதமும் முந்தையதன் ஆட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. நீளமும் ஆழமும் சற்று மாறியிருந்தால் இந்தப் பொருத்தமே இருந்திருக்காது.

அங்கே மீன்பிடிப் படகுகள் தாழ் ஓதத்தில் சேற்றுத் தரையில் உட்கார்ந்திருக்கும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மிதக்கும். ஹோப்வெல் என்ற இடத்தில் பாறைத் தூண்களுக்கு இடையே காலையில் நடந்து போகலாம், மாலையில் அதே தூண்களைப் படகில் சுற்றிவரலாம். செயின்ட் ஜான் ஆற்றின் முகத்தில் ஓதம் ஏறும்போது ஆறு பின்னோக்கிப் பாய்கிறது. ஓதம் வற்றியதும் தெரியும் அகன்ற சேற்றில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத, இறாலுக்கு உறவான ஓர் உயிரினம் கோடிக்கணக்கில் வாழ்கிறது. ஆர்க்டிக்கிலிருந்து இறங்கிவரும் உள்ளான் பறவைகள் இரண்டு மூன்று வாரம் இங்கே தங்கி, அதைத் தின்று, தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொண்டு, இடையில் எங்கும் இறங்காமல் தென் அமெரிக்கா வரை பறக்கின்றன. இந்தச் சேறு இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை.

ஃபண்டியைப் பற்றி இன்னொரு வரலாற்றுச் செய்தியும் சொல்ல வேண்டும். 1868ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சாக்ஸ்பி லண்டன் செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு அக்டோபர் 5 அன்று அமாவாசையும், நிலா பூமிக்கு நெருங்கி வருவதும், அது நிலநடுக்கோட்டின் மேலே நிற்பதும் ஒன்றுசேர்கின்றன, அன்று அளவு மீறிய ஓதம் எழும் என்றார். எந்தக் கரை என்று அவர் சொல்லவில்லை. சொன்ன நாளில் ஒரு புயல் வந்து ஃபண்டியில் ஏறியது. ஓதம் பழைய பதிவுகளை எல்லாம் தாண்டியது. கரையணைகள் உடைந்தன, மேய்ந்துகொண்டிருந்த கால்நடைகள் மூழ்கின. ஓதத்தைப் பற்றி அவர் போட்ட கணக்கு சரி. புயல் அன்றே வந்தது தற்செயல். நிலாவை வைத்துப் புயலையே கணிக்கலாம் என்று அவர் நம்பியதை அறிவியல் ஏற்கவில்லை.

இந்த நீர் வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்க 1984இல் அனாபொலிஸ் ராயலில் 20 மெகாவாட் நிலையம் கட்டினார்கள். 2019இல் அது நின்றது. இந்தியாவில் இதற்கு நெருங்கி வருவது குஜராத்தின் காம்பாத் வளைகுடா. அங்கே ஓத வேறுபாடு 10 மீட்டருக்கும் மேல் போகிறது.

இனி அலாஸ்காவின் லிட்டூயா விரிகுடா. சுமார் 14 கிலோமீட்டர் நீளம், 3 கிலோமீட்டர் அகலம், வாயோ அரைக் கிலோமீட்டர் அளவே. பனியாறு குடைந்த பள்ளம். தலைப்பக்கம் செங்குத்தான மலைகள், உள்ளே 200 மீட்டருக்கும் மேல் ஆழம். 1958 ஜூலை 9 இரவு 10 மணிக்கு மேல் 7.8 அளவில் ஒரு நிலநடுக்கம். கோடைகாலம் என்பதால் அங்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. தலைப்பக்கத்து மலைச்சரிவிலிருந்து சுமார் 3 கோடி கன மீட்டர் பாறை ஒரே பாளமாக நீரில் விழுந்தது. எதிர்ச்சரிவில் நீர் ஏறிய உயரம் 524 மீட்டர். அந்த உயரம் வரை மரங்களும் மண்ணும் வழித்தெடுக்கப்பட்டு வெறும் பாறை தெரிந்ததால்தான் இதை அவ்வளவு துல்லியமாக அளக்க முடிந்தது.

"524 மீட்டர் உயர அலை" என்று பரவலாக எழுதுகிறார்கள், அது பிழை. அது சரிவில் நீர் தெறித்து ஏறிய உயரம். விரிகுடாவின் நீளத்தில் ஓடிய அலை பத்துக்கணக்கான மீட்டர்தான், அதுவே அச்சுறுத்தப் போதுமானது. அன்றிரவு உள்ளே மூன்று மீன்பிடிப் படகுகள் நங்கூரமிட்டிருந்தன. ஒன்றில் ஒரு தந்தையும் 7 வயது மகனும். நங்கூரச் சங்கிலி அறுந்து, அலையின் மேலேறி, மறுபடி விரிகுடாவுக்குள்ளேயே இறங்கி இருவரும் பிழைத்தார்கள். இன்னொரு படகு வாயில் இருந்த மணல்திட்டையும் அதன் மேல் நின்ற மரங்களையும் தாண்டி வெளிக்கடலில் வீசப்பட்டது. படகு மூழ்கினாலும் அதிலிருந்த தம்பதி பிழைத்தார்கள். மூன்றாவது படகும் அதிலிருந்த இருவரும் கிடைக்கவேயில்லை. 2004இல் நாம் கண்ட ஆழிப்பேரலை கடலடித் தரை எழுந்ததால் பிறந்து பெருங்கடலைக் கடந்தது. லிட்டூயாவின் அலை பிறந்த விரிகுடாவுக்கு வெளியே போனதும் விரைவில் வலுவிழந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடக் கூடாது.

இதே லிட்டூயாவின் வாயில் 1786இல் பிரெஞ்சுக் கடலோடி லா பெரூஸ் 21 பேரை இழந்தார். ஓதம் வெளியேறும் நேரத்தில் குறுகிய வாயை அளக்கப் போன படகுகளை நீர் இழுத்துப் போனது. அவர் அங்கிருந்து பசிபிக்கைச் சுற்றி 1788 ஜனவரி கடைசியில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவுக்கு வந்தார். அங்கே கைதிகளை ஏற்றிவந்த 11 ஆங்கிலக் கப்பல்கள் இருந்தன. ஆங்கிலக் கடலோடி குக் 1770இல் இறங்கிய அந்த இடத்தை நம்பித்தான் அவர்களும் வந்திருந்தார்கள். வந்து பார்த்தால் நீர் ஆழமில்லை, குடிநீர் போதாது, காற்றுக்கு மறைவில்லை. சில நாட்களிலேயே வடக்கே உள்ள ஜாக்சன் துறைக்கு இடம் மாறினார்கள். சிட்னி அங்கே பிறந்ததற்கு அதுவே காரணம். லா பெரூஸ் மார்ச்சில் பாய் விரித்துக் கிளம்பியவர் திரும்பவில்லை. அவர் கப்பல்கள் பசிபிக்கில் உள்ள வனிகோரோ தீவின் பவளத்திட்டில் மோதி உடைந்தன என்பது சுமார் 40 ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

வாய் குறுகினால் மறைவும் கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாய் மிகக் குறுகிய இடத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம். பெரும்பாலும் மூடுபனி, பின்னாலே ஒரு தீவு மலைபோல் நின்று இடைவெளியை மறைக்கும். இரு நூற்றாண்டு காலம் ஐரோப்பியக் கப்பல்கள் அந்தக் கரையோரமாகவே போய்வந்தும் உள்ளே ஒரு பெரும் நீர்நிலை இருப்பதைக் காணவில்லை. 1769இல் நிலவழியாக வந்த ஸ்பானியர்கள் மேட்டின் மேலிருந்து கண்டார்கள். ஒலோனி பழங்குடி மக்கள் அதன் கரையில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்துவந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னாளில் குப்பையும் மண்ணும் கொட்டி விரிகுடாவைத் தூர்த்துக்கொண்டே வந்தபோது, 1961இல் பெர்க்லியைச் சேர்ந்த மூன்று பெண்கள் தொடங்கிய இயக்கம் அதைத் தடுத்தது. 1965இல் கலிஃபோர்னியா அரசு விரிகுடாவுக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. நம் ஏரிகளுக்காகப் போராடுகிறவர்கள் படிக்க வேண்டிய வரலாறு அது.

புவேர்ட்டோ ரிக்கோவின் வியேக்கஸ் தீவில் உள்ள மஸ்கீட்டோ விரிகுடா இரவில் நீலமாக ஒளிர்கிறது. 2006இல் உலகிலேயே பிரகாசமான ஒளிரும் விரிகுடா என்று கின்னஸ் பதிவு செய்தது. வாய் குறுகியது, உள்ளே அலையடிப்பு இல்லை, சுற்றிலும் அலையாத்தி மரங்கள். அதனால் ஒளிரும் நுண்ணுயிர்கள் வெளியே அடித்துச் செல்லப்படாமல் பெருகுகின்றன. 2017இல் மரியா சூறாவளிக்குப் பின் அது சில மாதங்கள் இருண்டு கிடந்து மீண்டது.

உள்ளே வந்தது வெளியே போகாது என்பது ஜப்பானின் மினமாட்டாவில் பேரழிவானது. சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை 1932 முதல் பாதரசம் கலந்த கழிவை விட்டுவந்தது. அது மீத்தைல் பாதரசமாகச் சிப்பியிலும் மீனிலும் சேர்ந்து, அவற்றைத் தின்ற பூனைகளையும் பின் மக்களையும் தாக்கியது. நரம்பு மண்டலமே குலைந்தது. தாய்க்கு அறிகுறி இல்லாமலே கருவிலிருந்த குழந்தை பாதிக்கப்பட்டது. 1956 மே மாதம் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. 1959இல் ஆலையின் சொந்த மருத்துவர் கழிவைக் கலந்த உணவைப் பூனைக்குக் கொடுத்து அதே நோய் வருவதைக் கண்டுபிடித்தார். நிறுவனம் அதை வெளியிட விடவில்லை. கழிவு நின்றதும் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டதும் 1968இல்தான். அந்த ஒன்பது ஆண்டுகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. மீன் வெளியே போகாதபடி விரிகுடாவின் வாயில் கட்டிய வலை 1997 வரை இருந்தது. விஷச்சேற்றை அள்ளி, 58 ஹெக்டேர் பரப்பைத் தூர்த்து மேலே பூங்கா அமைத்திருக்கிறார்கள். பாதரசத்துக்கு எதிரான 2013ஆம் ஆண்டு உலக உடன்படிக்கை இந்த ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

அரசியல் செய்திகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கியூபாவின் குவாண்டனாமோ விரிகுடாவை அமெரிக்கா 1903 முதல் குத்தகைக்கு வைத்திருக்கிறது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் குத்தகை முடியும். ஆண்டு வாடகை முதலில் 2,000 டாலர் மதிப்புள்ள தங்கம், பின்னர் 4,085 டாலர் காசோலை. காஸ்ட்ரோ ஆட்சி 1959இல் ஒரே ஒரு காசோலையை மாற்றியதோடு சரி, அதன்பின் வந்தவற்றைத் தொடவில்லை. அடுத்தது டோக்கியோ விரிகுடா. 1853இல் அமெரிக்க அதிகாரி பெர்ரி நான்கு கப்பல்களோடு அதன் வாயில் வந்து நின்று ஜப்பானின் கதவைத் திறக்கவைத்தார். 1945 செப்டம்பர் 2 அன்று அதே விரிகுடாவில் மிசௌரி கப்பலின் மேல்தளத்தில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டபோது, பெர்ரி கொண்டுவந்திருந்த பழைய கொடியை வரவழைத்துச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவைத்தான் இந்தப் பதிலில் என் முதல் தேர்வாகச் சொல்வேன். இங்கே புல்தான் விரிகுடாவின் வடிவத்தையே மாற்றியது. ஆழமற்ற நீரில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்குக் கடற்புல். அது மணலைப் பிடித்து நிறுத்தி நிறுத்தி, ஹாமெலின் குளம் என்ற உட்பகுதியின் வாயில் ஒரு திட்டையே எழுப்பிவிட்டது. வெளிக்கடல் நீர் உள்ளே வருவது குறைந்தது, மழை அரிது, வெயில் கடுமை. உள்ளே உப்பு சாதாரணக் கடலைப்போல் இரண்டு மடங்கானது. பாசிப்படலத்தை மேயும் நத்தைகள் பலவும் அந்த உப்பில் வாழ முடியாது. அதனால் நுண்ணுயிர்கள் படலம் படலமாகக் கட்டும் ஸ்ட்ரோமடோலைட் என்ற கல்மேடுகள் அங்கே தின்னப்படாமல் வளர்கின்றன. 350 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியில் இருந்த உயிருக்கு மிகப் பழைய சான்றுகளில் சில இதே வகைப் படிவங்களின் புதைபடிவங்கள்தான். காற்றில் ஆக்சிஜன் நிறைந்தது அந்த வகை நுண்ணுயிர்களால். அவற்றின் வழிவந்தவை இன்றும் உயிரோடு கட்டிக்கொண்டிருப்பதைக் கரையில் நின்று பார்க்கலாம். 2022இல் இன்னொன்றும் தெரியவந்தது. அங்குள்ள கடற்புல் வெளியில் 180 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவியிருப்பது ஒரே செடி. ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு விதையில் தொடங்கி வேர்க்கிழங்கு வழியாகவே படர்ந்திருக்கிறது. இந்தப் புல்லை மேய்ந்து உலகின் மிகப் பெரிய கடற்பசுக் கூட்டங்களில் ஒன்று அங்கே வாழ்கிறது.

அதே கடற்பசுவை நம் மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கிறார்கள். அது மேயும் கடற்புல் தமிழகத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே உள்ள பாக் விரிகுடாவில் இருக்கிறது. பல இடங்களில் 10 மீட்டர்கூட ஆழமில்லாத நீர், அடிவரை வெயில் போகிறது, புல் வளர்கிறது. அங்கிருந்து தெற்கே வந்தால் திருகோணமலையின் கொட்டியார விரிகுடா நேர் எதிர். மகாவலி ஆறு விழும் இடத்தை ஒட்டியே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி, கரைக்கு வெகு அருகிலேயே ஆழம் சரிகிறது. அதனால் நீலத்திமிங்கிலங்களைக் கரையை ஒட்டிப் பார்க்க முடிகிறது, பெரும் கப்பல்கள் உள்ளே வந்து நிற்க முடிகிறது. சம்பந்தர் பாடிய கோணமலைக்குக் கீழே உள்ள இந்த நீருக்காகப் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என எல்லோரும் மோதினார்கள். ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கில மாலுமி 1660இல் பிடிபட்டதும் இங்கேதான். கண்டி அரசில் 19 ஆண்டுகள் இருந்துவிட்டுத் தப்பிப் போனார்.

பாக் விரிகுடாவுக்குச் சட்ட வரலாற்றிலும் இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்குத் திருட்டு வழக்கு ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கரையிலிருந்து மைல் கணக்கில் தள்ளி எடுத்த சங்குக்கு உரிமை கொண்டாட முடியுமா என்பது கேள்வி. அந்தப் படுகைகள் நெடுங்காலமாகக் கரையாண்டவர்களின் உரிமையில் இருந்தவை என்று நீதிமன்றம் ஏற்றது. வரலாற்று விரிகுடா பற்றிய சட்ட நூல்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகின்றன. 1974இல் இந்தியாவும் இலங்கையும் அந்த நீரின் குறுக்கே எல்லை வகுத்தன. 2022 செப்டம்பரில் தமிழக அரசு அதன் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவில் இத்தகையது இதுவே முதல். வலையில் ஆவுளியா சிக்கினால், வலை போனாலும் பரவாயில்லை என்று அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்துவருகிறது.